வரப்பில் நிற்பவருக்குப் பயிற்சி, சேற்றில் நிற்பவருக்கு ஏச்சு

திருந்திய நெல் சாகுபடி எங்கள் ஊருக்கு வந்தபோது, பயிற்சி ஊர்த்தெருவில் ஒரு கட்டடத்தில் நடந்தது. நேரம் காலை பத்து மணி. 14 நாள் நாற்றை, குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட வேண்டும் என்று அதிகாரி விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு நாற்றைக்கூட நட்டவர்கள் அல்ல. நடுகிறவர்களான என் அம்மாவும் காலனிப் பெண்களும் அதே நேரத்தில் அவர்களுடைய வயலில் குனிந்து நின்றார்கள்.

அடுத்த வாரம் நிலக்காரர்கள் வரப்பில் நின்று, "இப்படி நடு, அப்படி நடு" என்றார்கள். ஒற்றை நாற்றாகப் பிரித்துக் கயிறு பார்த்து நட நேரம் கூடியது. கூலி கூடவில்லை. வரிசை கோணியதும், "இந்த ஆளுங்களுக்குப் புதுசா எதுவும் ஏறாது" என்றார் ஒருவர். அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. நாம் இப்போது கேட்போம்.

வேளாண் விரிவாக்கம் என்றால், ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கும் அறிவை உழைக்கிறவர் கைக்குக் கொண்டு சேர்ப்பது. 1970களில் உலக வங்கி 'பயிற்சியும் பார்வையிடலும்' என்ற முறையை இந்தியாவிலும் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் பரப்பியது. அலுவலர் குறித்த நாளில் வருவார், சில 'முன்னோடி விவசாயி'களைச் சந்திப்பார், அவர்களிடமிருந்து மற்றவர்களுக்கு அறிவு பரவும் என்பது கணக்கு. நம் ஊர்களில் முன்னோடி யார்? ரோட்டோரம் நிலமும், அலுவலருக்கு நாற்காலி போட ஒரு திண்ணையும் உள்ளவர். அந்தத் திண்ணையில் நமக்கு இடமில்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் தண்ணீரே தாராளமாகப் பாயாதபோது அறிவு மட்டும் எப்படிப் பரவும்? 2005க்குப் பிறகு 'அட்மா' திட்டம் வந்து பெயர்ப்பலகைகள் மாறின. அலுவலர் போய் உட்காரும் திண்ணை பெரும்பாலும் மாறவில்லை.

2013இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வில், விவசாயக் குடும்பங்களில் சுமார் 59 விழுக்காட்டினர் எந்தத் தொழில்நுட்ப ஆலோசனையும் பெறவில்லை என்று தெரியவந்தது. கூலியை மட்டுமே நம்பியிருக்கும் குடும்பங்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் விவசாயத்தில் உழைக்கும் பட்டியல் சாதியினரில் சுமார் 71 விழுக்காட்டினர் கூலித் தொழிலாளர்கள். அதாவது நம்மில் பெரும்பாலோரை அரசு 'விவசாயி' என்றே எண்ணுவதில்லை. சிட்டா இல்லாதவர் விவசாயி இல்லை. பி.எம். கிசானின் ஆண்டுக்கு 6,000 ரூபாய் நிலம் பெயரில் உள்ளவருக்குத்தான். வாய்மொழிக் குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிர் வைப்பவருக்கு அது இல்லை. இப்போது வரும் விவசாயி அடையாள எண்ணும் நில ஆவணத்தோடுதான் இணைகிறது.

இந்த நிலையில்தான், "வேலை தேடாதீர்கள், வேளாண் தொழில்முனைவோர் ஆகுங்கள்" என்று படித்த பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். ஆகலாம்தான். ஆதிதிராவிட, பழங்குடி சிறு குறு விவசாயிகளுக்கு இயந்திரம் வாங்க 20 விழுக்காடு கூடுதல் மானியத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதை வரவேற்கிறேன். ஆனால் சிறு குறு விவசாயி சான்று வாங்கவே நிலம் வேண்டும். மீதிப் பங்கைக் கட்டக் கையில் பணம் வேண்டும். கடன் கேட்டால் வங்கி அடமானம் கேட்கும். மானியம் கூரையேறிக் காத்திருக்கிறது, நமக்கு ஏணி இல்லை.

நிலம் எங்கே போனது? செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் ஆங்கிலேய அரசு நம் மக்களுக்குப் பஞ்சமி நிலங்களை ஒதுக்கியது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்டவருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. அதில் பெரும்பகுதி இன்று பிறர் கையில். 1994இல் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டுப் போராடியதைத் தொடர்ந்து நடந்த துப்பாக்கிச் சூட்டில்தான் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் நீத்தார்கள்.

அண்ணல் அம்பேத்கர் 1947இல் எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' நூலில், நிலம் அரசுடைமையாக வேண்டும், சாதி பாராமல் ஊராருக்குக் கூட்டுப்பண்ணையாகக் கொடுக்க வேண்டும், நீர், உழவு மாடு, கருவி, உரம், விதை எல்லாவற்றையும் அரசே தர வேண்டும் என்றார். நிலத்தையும் இடுபொருளையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. நாமும் பிரிக்கக் கூடாது.

தோழர்களே, ஆளுக்கொரு வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் அட்மா பயிற்சிகள் எத்தனை நடந்தன, எந்தத் தெருவில், எந்த நேரத்தில் நடந்தன, வந்தவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பெண்களுக்குக் குறைந்தது 30 விழுக்காடு என்பது அந்தத் திட்டத்தின் சொந்த விதி. வந்த பதிலைக் கிராமசபையில் வாசியுங்கள். அடுத்த பயிற்சி காலனியில், மாலை ஆறு மணிக்குமேல், நடவுப் பெண்களுக்குக் கூலி இழப்பு இல்லாமல் நடக்க வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். கூடவே உங்கள் ஊர்ப் பஞ்சமி நிலத்தின் சர்வே எண்களைத் திரட்டுங்கள்.

என் அம்மாவுக்கு இப்போது முதுகு வளையாது. ஆனால் நாற்றைக் கையில் எடுத்த உடனே, அது வேர் பிடிக்குமா பிடிக்காதா என்று சொல்லிவிடுவார். இத்தனை வருடத்தில் எந்த அலுவலரும் அவரிடம் வந்து ஒன்றைக் கற்றுக்கொடுத்ததும் இல்லை, ஒன்றைக் கேட்டுக்கொண்டதும் இல்லை. அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் விவசாயி என்று இல்லை. அதை எழுத வைப்பதுதான் நம் வேலை.

ஜெய்பீம்!