டிராயிங் பீரியடைப் பிடுங்காதீர்கள்

தேர்வு நெருங்கினால் முதலில் காவு போவது டிராயிங் பீரியட்தான். ஓவிய ஆசிரியையாக ஆண்டுதோறும் இதைப் பார்க்கிறேன். "படம் வரைஞ்சு என்ன டீச்சர் ஆகப்போகுது?" என்று கேட்கும் பெற்றோருக்கு ஹோவர்டு கார்ட்டரின் கதையைச் சொல்வேன்.

1922இல் எகிப்திய மன்னன் துட்டன்காமுனின் கல்லறையைக் கண்டுபிடித்த கார்ட்டர் கல்லூரியில் படித்தவர் அல்ல. விலங்குகளை வரையும் ஓவியரான அப்பாவிடம் தொழில் கற்றவர். 1891இல், 17 வயதில், அவரை எகிப்துக்கு அனுப்பியதே பெனி ஹசன் கல்லறைச் சுவரோவியங்களைப் பிரதி எடுக்கத்தான். மறு ஆண்டு அமர்னாவில் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரியிடம் அகழாய்வு பழகினார். பிறகு பல ஆண்டுகள் டெய்ர் எல் பஹாரியில் ஹட்ஷெப்சுட் அரசியின் கோயில் சுவர்களை வரைந்தார்.

அந்தக் கை துட்டன்காமுன் கல்லறையில் எப்படி உதவியது என்று பாருங்கள். அங்கே 5,000க்கும் மேற்பட்ட பொருட்கள். எதையும் நகர்த்துமுன் எண் அட்டை வைத்துப் படம் பிடித்தார் புகைப்படக் கலைஞர் ஹாரி பர்ட்டன். ஆனால் கேமராவுக்குத் தெரிந்தது மேலே கிடந்தது மட்டுமே. வண்ணம் தீட்டிய ஒரு மரப்பெட்டிக்குள் மணிவேலை செய்த உடைகளும் செருப்புகளும் திணித்துக் கிடந்தன. நூல் மக்கிவிட்டது, மணிகள் மட்டும் கோத்த வரிசையிலேயே கிடந்தன. கை பட்டால் கோலப்பொடியாகக் கலைந்துவிடும். எந்த மணி எதற்கு அடியில், எத்தனை வரிசை என்று பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும். அந்த ஒரு பெட்டியைக் காலி செய்யவே மூன்று வாரம் பிடித்தது! கல்லறை முழுவதற்கும் ஏறக்குறைய பத்து ஆண்டுகள். முழு ஆய்வறிக்கையை எழுதாமலேயே 1939இல் கார்ட்டர் இறந்தார். அதனால், அவர் வரைந்து அளவெழுதிய அட்டைகளைத்தான் ஆய்வாளர்கள் இன்றும் நம்பியிருக்கிறார்கள். ஆக்ஸ்போர்டின் கிரிஃபித் நிறுவனம் அவற்றைக் காத்து வருகிறது. துட்டன்காமுனின் தங்க முகமூடியைவிட எனக்கு அந்த அட்டைகளே பெரிது.

இப்போதுதான் கேமரா இருக்கிறதே என்பார்கள். எகிப்தின் லக்சரில் 1924 முதல் கோயில் சுவர்களைப் பதிவு செய்துவரும் சிகாகோ ஹவுஸ் குழுவைக் கேளுங்கள். சுவரின் புகைப்படத்தைப் பெரிதாக்கி, அதே சுவரின் முன் நின்று அதன்மேல் பென்சிலால் வரைந்து, மையிட்டு, படத்தை வெளுத்துக் கோடுகளை மட்டும் நிறுத்துவார்கள். அதையும் சுவரோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துவார்கள். இன்று கணினி வந்த பிறகும், சிதைவு எது, உளிபட்ட கோடு எது என்று முடிவு செய்வது வரைபவரின் கண்தான்.

அந்தக் கண் பதிமூன்று வயதில் பழக வேண்டியது. இந்த அரையாண்டுத் தேர்வுக்கு என் பீரியடைக் கேட்டு யார் வந்தாலும் தருவதாக இல்லை.