சீனத்து ஓரெழுத்து

சீனருக்கு நம்மைப் போல் உயிரும் மெய்யும் கூடிய நெடுங்கணக்கு இல்லை. அவர்க்கு ஒவ்வோர் எழுத்தும் பொருளுடையது. ஒவ்வொன்றையும் தனித்தனியே பயின்று நெஞ்சில் இருத்த வேண்டும். ஆயிரக்கணக்கான அவ்வெழுத்துகளுள் ஒன்றை மட்டும் இம்மாதம் நாம் கற்போம். ஒன்றைக் கற்பதால் பயன் என்ன என்று வாசகர் வினவக்கூடும். இந்த ஒன்றின் பொருட்டு உயிரை ஈந்தோர் உண்டு.

முதலில் உச்சியில் ஒரு சிறு புள்ளி. அதன் கீழே படுக்கைக் கோடு ஒன்று. அதற்கும் கீழே மற்றொன்று. மேற்கோட்டிலிருந்து நேரே கீழிறங்கும் நிமிர்கோடு ஒன்று. இறுதியாக, அடியில் சற்று நீண்ட படுக்கைக் கோடு. ஆக ஐந்தே இழுப்புகள். இவ்வரிசை மாறலாகாது. ஒலி 'ஜூ', குரலைத் தாழ்த்திப் பின் உயர்த்திச் சொல்லுதல் வேண்டும். பொருள்: தலைவர், உடையவர், ஆண்டவர்.

உச்சிப் புள்ளியை நீக்கிவிட்டால் அது 'அரசன்' என்னும் எழுத்தாகிவிடும். அதே புள்ளியைக் கீழே வலப்புறம் இட்டாலோ, சீனர் பொன்னினும் மேலாக மதிக்கும் பச்சைமணிக் கல்லைக் குறிக்கும். ஆயினும் அரசனுக்குப் புள்ளி வைத்ததால் ஆண்டவர் பிறந்தார் என்று எண்ணிவிடலாகாது. கி.பி. 100-ஐ ஒட்டி அகராதி தொகுத்த சூ ஷென் என்பார், இவ்வெழுத்தை விளக்கின் வடிவமென்றும், மேலுள்ள புள்ளி அதன் சுடரென்றும் உரைத்தார். புள்ளியின் அருமையைத் தமிழருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஓலைச்சுவடிகளில் புள்ளியிடாது எழுதிய வழக்கத்தால் படிப்போர் உற்ற இடர்ப்பாட்டை நம் வீரமாமுனிவரே நன்கறிந்திருந்தார்.

இவ்வெழுத்து அரசவையிலும் ஆலயத்திலும் மட்டும் வழங்குவதன்று. விருந்தினரை வரவேற்கும் வீட்டுக்காரர் 'ஜூரென்'. இல்லத்தரசி 'ஜூஃபு'. அன்றாடம் உண்ணும் சோறு முதலிய முதன்மை உணவு 'ஜூஷி'. மக்களே தலைவராகும் குடியாட்சிக்கு 'மின்ஜூ' என்று பெயர். இதன் பக்கத்தில் மனிதனைக் குறிக்கும் அடையாளத்தைச் சேர்த்தால் 'குடியிருத்தல்' என்றும், மரத்தின் அடையாளத்தைச் சேர்த்தால் 'தூண்' என்றும் பொருள்படும். பிரசங்கத்திற்கு இனிக்கும் என்பதற்காக இவற்றில் மறைபொருள் காண முனைவோர் உளர். அது முறையன்று, அங்கே இவ்வெழுத்து ஒலியை மட்டுமே கடன் கொடுக்கிறது.

சீனக் கத்தோலிக்கருக்கு ஞாயிறு 'ஜூரி', அதாவது ஆண்டவரின் நாள். ஆயர் 'ஜூஜியாவ்'. கடவுளோ 'தியன்ஜூ', வானகத்தின் ஆண்டவர். இப்பெயர் வழங்கத் தொடங்கிய வரலாறு சுவையானது. 1583-இல் சேசு சபைக் குருக்களாகிய ருஜியேரியும் மத்தேயு ரிச்சியும் ஜாவ்சிங் நகருக்கு வந்தனர். முன்னர் அந்நகரை விட்டகன்றபோது ருஜியேரி திருப்பலிப் பீடத்தை ஓர் இளைஞரிடம் ஒப்புவித்திருந்தார். அவர் அதைத் தம் இல்லத்தில் நிறுவி, படம் ஏதும் இல்லாமையால், மேலே ஒரு பலகையில் 'தியன்ஜூ' என்று பெரிதாய் எழுதி வைத்திருக்கக் கண்டனர். திருமுழுக்கும் பெறாத ஒருவர் எழுதி வைத்த பெயர் அது! 1603-இல் ரிச்சி வெளியிட்ட புகழ்பெற்ற நூலும் அப்பெயரையே தலைப்பில் தாங்கிற்று.

பின்னர் வழக்கு எழுந்தது. 'வானம்' என்றோ 'மேலான வேந்தர்' என்றோ பொருள்படும் பழஞ்சீனப் பெயர்களாலும் கடவுளை அழைக்கலாமா என்று மறைபரப்புநர் தம்முள் வாதிட்டனர். 1704-இல் திருத்தந்தை 11-ஆம் கிளமென்ட் அவற்றை விலக்கினார், 'தியன்ஜூ' நிலைத்தது. இவ்வழக்கை விசாரிக்கச் சென்ற துர்னோன் என்பார், வழியில் நம் புதுச்சேரியில் தங்கி, 1704-இல் மலபார்ச் சடங்குகளைப் பற்றியும் தீர்ப்பளித்துச் சென்றார் என்பது வரலாறு.

ஆனால் பெயரைவிடப் பெருந்துயர் விளைத்தது மற்றொரு பலகையே. இறந்த தாய் தந்தையரின் பெயரைச் சிறு மரப்பலகையில் எழுதி வீட்டில் வைத்து வணங்குவது சீனர் வழக்கம். அப்பலகைக்கு 'ஷென்ஜூ' என்று பெயர். இங்கும் அதே 'ஜூ'. சீனாவில் பல இடங்களில் இவ்வெழுத்தைப் புள்ளியின்றி 'அரசன்' என்றே எழுதி வைப்பர். அடக்கச் சடங்கின்போது, மதிப்பிற்குரிய பெரியவர் ஒருவர் செந்நிற மையால் அந்த ஒரு புள்ளியை இடுவார். அப்பொழுதே பலகை நிறைவுறும். ஆலயத்தில் ஆண்டவருக்குரிய எழுத்து, வீட்டில் அப்பனுக்கும் அம்மைக்கும் உரியதாயிற்று. இது தெய்வ வழிபாடா, பிள்ளைகளின் நன்றிக்கடனா? உரோமை 1715-இலும் 1742-இலும் தடை விதித்தது. பெற்றோரை மறக்கச் சொல்லும் மறை என்னும் பழி அதனால் நம் மறைமேல் விழுந்தது.

கொரியாவிலும் சீன எழுத்தே வழங்கிற்று. கடவுள் 'சியோன்ஜு', முன்னோர் பலகை 'சின்ஜு'. அந்நாட்டில் மறையைக் கொண்டு சேர்த்தவை பெரும்பாலும் நூல்களே. ரிச்சியின் நூலைப் படித்துத் திருமுழுக்குப் பெற்ற பவுல் யூன் ஜி-சுங் என்னும் கற்றறிந்தவர், பெய்ஜிங் ஆயரின் தடையை அறிந்து, தம் முன்னோரின் பலகைகளை எரித்தார். 1791-இல் அன்னையார் இறந்தபோது, அவரது விருப்பப்படியே கிறிஸ்தவ முறையில் அடக்கம் செய்தார். தாயை அவமதித்த மகன் என்று உறவினர் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 8-ஆம் நாள், அவரும் அவருடைய உறவினர் யாகப்பர் க்வோனும் ஜியோன்ஜு நகரில் தலை வெட்டுண்டனர்.

இறந்தோர் பெயரைத் தாங்கிய பலகைமுன் தலைவணங்குவது நன்மரியாதையே என்று உரோமை அறிவித்தது 1939-இல். அதுவும் டிசம்பர் 8-ஆம் நாளே. இடைப்பட்டவை 148 ஆண்டுகள். அதற்காக அவ்விருவரும் வீணே மாண்டனர் என நாம் கருதவில்லை. திருச்சபை தங்களிடம் கேட்டதை அவர்கள் கொடுத்தார்கள். காலந்தாழ்ந்த கணக்கு அவர்களுடையதன்று. 2014-இல் திருத்தந்தை பிரான்சிஸ் சோல் நகரில் அவர்களை முத்திப்பேறு பெற்றோராக உயர்த்தினார்.

அவர்களுடைய கல்லறை எங்குள்ளதென்று நெடுங்காலம் தெரியாதிருந்தது. 2021-இல் ஜியோன்ஜுவை அடுத்த வான்ஜுவில் பழைய குழிகளைத் திறந்தபோது எலும்புகளும் வெண்பீங்கான் கிண்ணம் ஒன்றும் கிடைத்தன. பெயர்ப்பலகைகளை எரித்த அம்மனிதரை அடையாளம் காட்டியது அக்கிண்ணமே. அதன்மேல் சீன எழுத்துகளில் அவருடைய குலப்பெயரும் இயற்பெயரும், அவற்றோடு பவுல் என்னும் திருமுழுக்குப் பெயரும் எழுதப்பட்டிருந்தன.