பிரித்துப் பூட்டும் வித்தை

இருபது ஆண்டு கடந்த காரை ஒப்படைத்துவிட்டுப் புதிய தேசியக் கார் வாங்குவோருக்கு 4,000 ரிங்கிட் வரை உதவித்தொகை உண்டு என்று 2026-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டபோது பெரும்பாலோர் அதை வரவேற்றார்கள். பிரேக் பிடிக்காமலும் கரும்புகை கக்கிக்கொண்டும் ஓடும் வாகனங்கள் சாலையை விட்டு நீங்குவதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க நியாயமில்லை. ஆயினும், பத்தாங் காலி வட்டாரத்துத் தாமான்களில் வீட்டு முன்றிலில் நான்கு தாங்கிகளின்மேல் சக்கரமின்றி நிற்கும் பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐயையும், அதன் அடியில் படுத்து ஸ்பேனரும் கையுமாகக் கிடக்கும் இளைஞனையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடலாகாது என்பது என் அபிப்பிராயம். “சம்பளத்தையெல்லாம் இந்தத் தகரத்துல கொட்டுறானே” என்று தாயார் அலுத்துக்கொள்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தப் பணத்துக்கு அவன் என்ன பெறுகிறான் என்பதை மட்டும் நாம் விசாரித்ததில்லை.

இந்த ஊரின் இருப்பிடத்தையே சற்று யோசித்துப் பாருங்கள். தெற்கே சுங்கை சோவில் பெரோடுவா தொழிற்சாலை. வடக்கே தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் தொழிற்சாலை. இரண்டுக்கும் நடுவே ரயில் பாதையை ஒட்டிக் கிடக்கிறது பத்தாங் காலி. ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கார் செய்யும் வேலைக்குப் போவது இங்கே ஓர் அதிசயமே அல்ல. ஆனால் நகரும் வரிசையில் நிற்பவருள் ஒருவன் கதவை மட்டும் பூட்டுகிறான், அடுத்தவன் கண்ணாடியை மட்டும் பதிக்கிறான். பெருந்தொகை உற்பத்தியின் இயல்பே அதுதான் என்பதால் இதைக் குறை கூறிப் பயனில்லை. தோட்டம் தோட்டமாக இருந்த காலத்திலோ, ரப்பர் ஆலையின் டீசல் எஞ்சின் நின்றுபோனால், பட்டணத்திலிருந்து ஆள் வரும்வரை காத்திராமல், அதை முழுதும் கழற்றித் துடைத்துத் தேய்ந்ததை மாற்றி மாலைக்குள் ஓடவிடும் ஃபிட்டர்கள் நம்மவருள் இருந்தார்கள்; பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாத அவர்களுக்கு யந்திரம் முழுவதும் மனப்பாடம். தோட்டங்கள் செம்பனைக்கும், பிறகு வீட்டுமனைக்கும் மாறியபோது, அந்த ஞானம் அடுத்த தலைமுறைக்குக் கைமாற வழியின்றிப் போயிற்று. ஒரு காரை அடி முதல் முடி வரை பிரித்துத் திரும்பக் கட்டுகிறவன், தனக்குத் தெரியாமலே அந்த ஃபிட்டர்களின் வாரிசாகிறான்.

அது எத்தகைய வித்தை என்பதைத் தொலைவிலிருந்து பார்ப்போர் அறியார். கழற்றுவது எளிது, கழற்றிய ஒவ்வோர் ஆணியையும் அதன் இடம் எழுதி மைலோ டின்னிலும் பிளாஸ்டிக் பையிலும் பிரித்து வைப்பதில்தான் காரியத்தின் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. பின்சக்கர வளைவிலும் கதவடிப் பட்டையிலும் வர்ணத்துக்குள் ஒளிந்திருக்கும் துருவைச் சுரண்டி, நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எறிந்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் பொறுமை இழந்து மாவு பூசி மூடுகிறவன் இரண்டு மழைக்காலத்தில் அகப்பட்டுக்கொள்வான். எஞ்சினுக்கு வந்தால், 1.8 லிட்டரும் 16 வால்வும் கொண்ட அந்த மிட்சுபிஷி வம்சத்து யந்திரத்தின் ஹெட் ஆணிகளை, நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறம் நோக்கி, படிப்படியாக, அளவு காட்டும் ரெஞ்சினால்தான் முறுக்க வேண்டும். கைப்பலத்தை நம்பினால் ஹெட் வளைந்து தண்ணீரும் எண்ணெயும் கலந்துவிடும். டைமிங் பெல்ட் ஒரு பல் தவறிப் பூட்டப்பட்டால் எஞ்சின் சீராக ஓடாது. ஓட்டத்தில் அறுந்தாலோ வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். சஸ்பென்ஷன் கைகளில் உள்ள ரப்பர் புஷ்களின் ஆணிகளை, கார் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கிவிடாமல், அதன் முழுப் பாரமும் சக்கரங்களின்மேல் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும் என்ற விதியைப் பட்டறைக்காரர்களிலும் சிலர் மறந்துவிடுகிறார்கள். மறந்தால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழிந்துபோகும். அலுக்காமல் வளைந்து நிமிரும் குணத்துக்காக இவ்வகை உறுப்புகளில் இன்றும் இயற்கை ரப்பரை விரும்பிச் சேர்க்கிறார்கள் என்பதை, மரம் சீவிய குடும்பத்துப் பிள்ளைக்கு யாரேனும் சொல்லிக்கொடுத்தால் நன்று.

கிடைக்காத சாமானுக்கு ‘ஹாஃப்கட்’ கடைகள் இருக்கின்றன. ஜப்பானில் புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறையும் பரிசோதனை. அதன் செலவைத் தாங்குவதைவிடக் காரையே கைவிடுவது லாபம் என்று பலர் கருதுவதால், நல்ல நிலையிலுள்ள வண்டிகளும் பாதியாக அறுபட்டு எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒயரிங்குமாக நம் துறைமுகத்தில் வந்து இறங்குகின்றன.

வீட்டுக் கொட்டகையில் செய்யும் இத்தகைய வேலையைப் பொழுதுபோக்கு என்று இகழ்வோருக்கு, சத்ரியா ஜிடிஐயின் உடலிலேயே பதில் இருக்கிறது. ‘ஹாண்ட்லிங் பை லோட்டஸ்’ என்ற வில்லை அதில் ஒட்டப்பட்டிருக்கும். அந்த லோட்டஸை நிறுவிய காலின் சாப்மன், லண்டனில் பொறியியல் மாணவராக இருந்த காலத்தில், பழைய ஆஸ்டின் செவன் ஒன்றைத் தம் காதலியின் பெற்றோர் வீட்டுப் பின்புறத்துக் கொட்டகையில் வைத்துப் பிரித்து, 1948-இல் அதைப் போட்டிக் காராக உருமாற்றியவர். 1957-இல் வெளிவந்த அவருடைய லோட்டஸ் செவனை, முழுக் காருக்குரிய கொள்முதல் வரியைத் தவிர்ப்பதற்காகப் பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டவர்கள் ஏராளம். அந்த நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கைத்தான் 1996-இல் புரோட்டோன் விலைக்கு வாங்கி, 2017-இல் கீலி நிறுவனத்திடம் கைமாற்றியது. நம்மவரிடையே உதாரணம் வேண்டுமென்றால், கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு, உணவு விடுதியில் வேலை செய்து மிச்சம் பிடித்த பணத்தில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடமிருந்து மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைக் கழற்றிக் கழற்றிப் பூட்டியே யந்திர சாஸ்திரம் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டுத் தாமே அதை ஓட்டினார். அவர் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டிருந்ததைக் கண்டு அண்டை வீட்டார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமன்று.

இத்தகைய கார்கள் ஆபத்தானவை என்று கருதும் மறுதரப்பின் அச்சமும் வெறும் பிரமை அல்ல. பத்தாங் காலியிலிருந்து கெந்திங் மலைக்கு ஏறும் வளைவுப் பாதை, வேகப் பித்துக் கொண்டவர்களுக்குப் பெரிய சபலம். அரைகுறையாகக் கட்டிய காருக்கு அங்கே தாக்ஷண்யம் கிடையாது. குழாயில் காற்றுக் குமிழி தங்கிய பிரேக்கையும், கற்றுக்குட்டி பற்றவைத்த அடிச்சட்டத்தையும் நம்பிச் சாலையில் இறங்குவது பிறர் உயிரோடு சூதாடுவதாகும். ஆதலின் பரிசோதனை வேண்டும். அது கடுமையாகவே இருக்கட்டும். எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி பெற்று, வாகனப் பரிசோதனை நிலையத்தில் காட்டி, புதிய எஞ்சின் எண்ணைக் கிராண்ட் எனும் வாகன உரிமைப் பத்திரத்தில் பதிய வேண்டும் என்ற விதியையும் நான் ஆதரிக்கிறேன். என் வாதம் அந்த வழியின் மங்கலான நிலையைப் பற்றியது. எந்த மாற்றம் செல்லும், எது செல்லாது, என்னென்ன ரசீதும் சுங்கப் பத்திரமும் வேண்டும் என்பதை வேலை தொடங்குமுன்னரே கேட்டு எழுத்தில் பெறும் வசதி இருந்தால், முறையாகச் செய்ய விரும்புகிறவன் முறையாகச் செய்வான். முடிந்த பிறகு நிராகரிக்கப்படுவோமோ என்ற பயமே பலரை அனுமதி கேளாமல் ஓட்டத் தூண்டுகிறது.

இன்னொரு தடை இடம். தாமான் வீட்டுக்காரனுக்கு முன்றில் உண்டு. மலிவு விலை அடுக்குமாடியில் குடியேறிய தோட்டக் குடும்பத்துப் பையனுக்கு ஒரு காரை ஆறு மாதம் தாங்கியில் நிறுத்தி வைக்க எங்கே இடம்? வடித்த எஞ்சின் எண்ணெயை அவன் சாக்கடையில் ஊற்றினால் அது சட்ட விரோதம். 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர விதிகளின்படி அது பட்டியலிடப்பட்ட அபாயக் கழிவு. ஹுலு சிலாங்கூர் நகராண்மைக் கழகம் கூரையும் பள்ளமும் எண்ணெய்த் தொட்டியும் உள்ள பொதுக் கொட்டகை ஒன்றைக் கட்டி, சிறு வாடகைக்கு விட்டால், வேலையும் பெரியவர்கள் கண் பார்வையில் நடக்கும். அந்த இரண்டு பெரிய தொழிற்சாலைகளில் பணி செய்து ஓய்வு பெற்றவர்களை மாலை வேளைகளில் அங்கே அழைப்பது அப்படியொன்றும் அசாத்தியமல்ல.

இப்படிக் கற்ற வித்தைக்கு அங்கீகாரமும் தேடலாம். திறன் மேம்பாட்டுத் துறையின் ‘பெங்இக்தீராஃபான் பென்சாப்பையான் தெர்டாஹுலு’ என்ற ஏற்பாட்டின்படி, வகுப்பில் அமராமலே வேலையில் பெற்ற அனுபவத்தை ஆதாரங்களுடன் மெய்ப்பித்து மலேசியத் திறன் சான்றிதழ் பெற முடியும் என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. பிரித்த நாள் முதல் பூட்டி முடித்த நாள் வரை எடுத்த படங்களையும், அளவெடுத்து எழுதிய குறிப்புகளையும், சாமான் ரசீதுகளையும் தொகுத்தால், அந்த விண்ணப்பத்துக்கு வேண்டிய ஆதாரங்களில் ஒரு நல்ல பங்கு கைவசம் ஆகிவிடும். ஆகவே நம் சமூக இயக்கங்கள், அடுத்த விருந்தையும் பாராட்டு விழாவையும் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, அந்த விண்ணப்பத்தை நிரப்ப உதவும் ஆள் ஒருவரைப் பத்தாங் காலியில் வாரம் ஒரு மாலை உட்கார வைக்கட்டும்.