வாசலுக்கு முதுகு காட்டட்டும் ஹார்ன் ஸ்பீக்கர்

ஹார்ன் ஸ்பீக்கர் என்றதுமே நம்மவர் பலர் காதைப் பொத்திக்கொள்வார்கள். திருவிழாவில் கம்பத்தில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கி அப்படிப் பழக்கிவிட்டது. அது அறிவிப்பு செய்யப் பிறந்தது. பேஸ் அதில் வரவே வராது. அதையும் அளவுக்கு மீறி முடுக்கினால் கத்தத்தான் செய்யும். வீட்டில் பாட்டுக் கேட்பதற்கான ஹார்ன் வேறு ரகம். ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில் இருப்பதுபோன்ற வரிசை வீடுகளுக்கு அதைவிடப் பொருத்தமான ஸ்பீக்கர் கிடையாது என்றே வாதிடலாம். ஒரு நிபந்தனை: டிவி இருக்கும் சுவரில் அதை வைக்கக் கூடாது.

வீட்டின் அமைப்பைப் பார்த்தால் காரணம் புரியும். மலேசிய வரிசை வீட்டின் வழக்கமான அகலம் 20 அல்லது 22 அடி. முன்னால் கார் நிறுத்தும் போர்ச், கண்ணாடித் தள்ளுகதவு, இரும்பு கிரில். உள்ளே தரை முழுக்க டைல். இருபுறமும் பக்கத்து வீட்டாரோடு பகிர்ந்துகொண்ட செங்கல் சுவர். காலிக் கூடத்தின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டினால், சத்தம் இரு சுவர்களுக்கும் இடையே ட்ர்ர்ரென்று ஓடி அடங்கும். சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர் நாலாபுறமும் ஒலியை இறைப்பதால் பாட்டுக்கும் இதே கதிதான். ஹார்ன் ஒலியை ஒரு கோணத்துக்குள் கட்டி அனுப்புகிறது. பக்கச் சுவருக்குப் போவது குறைவு, திரும்பி வந்து குழப்புவதும் குறைவு.

ஆனால் பெரும்பாலான வீடுகளில் டிவி கேபினெட் ஒரு பக்கச் சுவரில், சோபா எதிர்ச் சுவரில். ஹார்னை அந்த கேபினெட்டின் இரு பக்கமும் நிறுத்தினால், அது எதிர்ச் சுவரை நேராகத் தாக்கி அங்கிருந்து கேட்பவரின் பிடரியில் திரும்புகிறது. தலை சுவரை ஒட்டியிருப்பதால் பேஸ் வேறு குமுறும். பிறகு “ஹார்ன் என்றாலே காது குத்துகிறது” என்று பழி.

போர்ச்சுக்கு முதுகு காட்டி, தள்ளுகதவின் இரு பக்கமும், அடுப்படியைப் பார்த்தபடி வைப்பதே சரி. சோபாவையும் வாசலைப் பார்த்துத் திருப்பிவிட வேண்டும். நடு ஒலியும் மேல் ஒலியும் ஹார்னின் பின்பக்கம் அதிகம் போகாது. கண்ணாடி தொந்தரவு செய்யாது. முன்னால் வீட்டின் நீளம் முழுக்க ஒலிக்கு வழி இருக்கிறது. திறந்த மாடிப்படி கொஞ்சம் பேஸை வாங்கிக்கொள்ளும். பின்பக்கம் சுற்றி வரும் பேஸ் மட்டும் கிரிலை நடுங்க வைக்கும். தளர்ந்த இடங்களில் ரப்பர் துண்டு செருகினால் போதும். சாமி மேடையில் இருக்கும் சிறு மணி ஒரு குறிப்பிட்ட சுரத்துக்குக் கூடவே பாடத் தொடங்கினால், அதையும் கொஞ்சம் நகர்த்தி வைக்க வேண்டியதுதான்.

மூலையில் வைத்தால்தானே ஹார்ன் என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். அந்தப் பேச்சுக்கு மூலம் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து ஹோப் என்ற சிற்றூரில் 1946இல் நிறுவனம் தொடங்கிய பால் கிளிப்ஷ். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீட்டர். அதை முழுமையாக வெளியேற்ற ஹார்னின் வாய்க்கு அதே அளவு சுற்றளவு, அதாவது சுமார் 2.7 மீட்டர் விட்டம் வேண்டும். எந்த வீட்டுக்குள் நுழையும் அது? இரு சுவரும் தரையும் கூடும் மூலையில் வைத்தால் வாயின் பரப்பில் எட்டில் ஒரு பங்கு போதும். மீதியை வீடே பார்த்துக்கொள்ளும். அவருடைய கிளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கரின் சூட்சுமம் இதுதான். ஒரே வாட்டுக்கு 105 டெசிபல் என்கிறது நிறுவனம். சாதாரணப் பெட்டியில் அந்தச் சத்தம் வர ஏறக்குறைய அறுபது மடங்கு மின்திறன் வேண்டும்.

ஆனால் வரிசை வீட்டில் உருப்படியான இரண்டு மூலைகள் கிடைப்பது அபூர்வம். ஒன்றைப் படிக்கட்டு தின்றிருக்கும், இன்னொன்றில் செருப்பு அலமாரி. கிடைத்தாலும் இரண்டுக்கும் இடைவெளி அதிகமாகி பாட்டின் நடுவில் ஓட்டை விழும். கிளிப்ஷே அந்த ஓட்டையை அடைக்க 1957இல் ஹெரஸி என்ற சிறிய ஸ்பீக்கரைச் செய்து நடுவில் வைக்கச் சொன்னார். நம் வீடுகளுக்கு மூலை தேவைப்படாத, அவருடைய லா ஸ்காலா போன்றதே மேல். 1963இல் வந்த அது, ஆர்கன்சா ஆளுநர் தேர்தலில் நின்ற வின்த்ரப் ராக்கஃபெல்லரின் பிரசார மேடைக்காகச் செய்யப்பட்டது. அரசியல் கூட்டத்து ஒலிபெருக்கியும் வீட்டுக்குள் கௌரவமாக வாழலாம்!

எச்.எம்.வி. இசைத்தட்டில் இருக்கும் நாய் ஹார்னின் வாய்க்கு நேராக உட்கார்ந்திருக்கும். ஒற்றை ரசிகருக்கு அது சரி, குடும்பத்துக்கு ஆகாது. ஸ்பீக்கர்களை உட்புறமாக நன்றாகத் திருப்பி, இரண்டின் நேர்கோடுகளும் சோபாவுக்கு ஓரடி முன்னாலேயே சந்திக்கும்படி வைக்க வேண்டும். அப்போது இடது ஓரத்தில் இருப்பவருக்கு அருகிலுள்ள இடது ஸ்பீக்கர் சற்று விலகிப் பேசும், தூரத்து வலது ஸ்பீக்கர் நேராகப் பேசும், கணக்கு சரியாகிவிடும். சோபாவுக்கு மூன்று மீட்டராவது தூரம் வேண்டும். கிட்டே போனால் மேல் ஹார்னும் கீழ் ஹார்னும் தனித்தனியாகக் கேட்கும்.

சரிபார்க்கக் கருவி வேண்டாம். ‘கொஞ்சும் சலங்கை’யில் (1962) எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் சேரும் ‘சிங்கார வேலனே தேவா’ போதும். அது மோனோ பதிவு. குரலும் நாகஸ்வரமும் நட்டநடுவில், ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஏதோ ஒரு ஸ்பீக்கரின் தூரமோ திருப்பமோ தவறு. அது சரியான பிறகு, ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்காகப் பேசப்பட்ட இளையராஜாவின் ‘ப்ரியா’ (1978) பாடல்களைப் போட்டு அகலத்தைப் பார்க்கலாம்.

பாலம் தாண்டி சிங்கப்பூர் அடெல்ஃபி கட்டடத்துக் கடைகளில் புது ஆம்பிளிஃபையர் தேடுவதற்கு முன், இருக்கும் ஸ்பீக்கரை வாசல் பக்கம் நகர்த்திப் பாருங்கள். செலவு, இடத்தைக் குறிக்கத் தரையில் ஒட்டும் டேப் மட்டும்தான். துணைக்கு ஓர் ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். லா ஸ்காலா ஒன்றே ஐம்பது கிலோவுக்கு மேல்.