வாய்க்கால் கரையில் ஒரு சைக்கிள் பாதை

மாணவர்களே! கொடுமுடி வழியே செல்லும் ஈரோடு–கரூர் சாலையில், பின்னால் பஸ் ஒலி எழுப்பியதும் சைக்கிள்கள் மண்ணில் இறங்கி ஒதுங்குவதைக் காணலாம். உங்கள் ஊரிலும் அப்படித்தானே? 15 கி.மீ. வேகச் சைக்கிளைவிட 60 கி.மீ. வேகப் பஸ்ஸின் ஒவ்வொரு கிலோகிராமும் 16 மடங்கு இயக்க ஆற்றல் கொண்டது. இவ்விரண்டையும் ஒரே பாதையில் விடுவது முறையன்று.

மாற்று வழி அருகிலேயே உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்கால் பவானியில் தொடங்கி, சுமார் 90 கி.மீ. வளைந்து வந்து, கொடுமுடி அருகே ஆவுடையார்பாறையில் நொய்யலைச் சேர்கிறது. நீர் மெல்ல இறங்க வெட்டியதால் கரையிலும் ஏற்ற இறக்கம் குறைவு. 100 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சாலையில், சைக்கிளோடு 70 கிலோகிராம் உள்ளவருக்கு ஏறக்குறைய 7 நியூட்டன் விசை கூடுதலாகத் தேவை. சரளையில் உருளல் உராய்வு சற்று மிகுதிதான். ஆயினும் ஏறும் சுமை இல்லை.

பிரான்ஸில் 1681-இல் திறக்கப்பட்ட 'மிடி' கால்வாய்க் கரையில் அன்று குதிரைகள் படகுகளை இழுத்தன; இன்று சைக்கிள்கள் ஓடுகின்றன.

நம் கரைக்கும் சரளை போதும். தார் போட்டால் லாரி வந்துவிடும். உழவர் வண்டிகளுக்கு மட்டும் வழிவிடலாம். கரை எங்கெங்கே உடைந்துள்ளது என்று குறித்து, உங்கள் ஊராட்சிக்கு எழுதுங்கள்.