மஜ்ஜையும் தனி உயிரணு ஆராய்ச்சியும்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையடிவாரத்தில் நின்று நோக்குவார்க்கு, 365 படிகளிலும் மக்கள் வெள்ளம் ஒன்றே தோன்றும். அவ்வெள்ளத்தில் தமிழர் எத்துணையர், தெலுங்கர் எத்துணையர், நோயுற்றுத் தளர்ந்தவர் எவர் என அறிய வேண்டின், ஒவ்வொருவரையும் அணுகி வினவுதலே வழியாம். நம் எலும்பு மஜ்ஜையின் நிலையும் இத்தகையதே.

மஜ்ஜையானது நாடோறும் ஏறத்தாழ 20,000 கோடிச் செவ்வணுக்களைப் படைத்துக் குருதிக்கு அளிக்கின்றது. அவற்றுக்கு மூலமான குருத்தணுக்களோ மிகச் சிலவே. மஜ்ஜையை மொத்தமாய்ச் சோதித்தால் கிடைப்பது சராசரி. அச்சராசரியில் அச்சிறுபான்மை மறைந்தொழியும். இக்குறையை நீக்க, ஓர் உயிரணுவின் ஆர்.என்.ஏ.வைத் தனியே படிக்கும் முறை 2009-இல் வெளியாயிற்று. 2015 முதல், ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு நுண்துளியுள் அடைத்து, அதன் ஆர்.என்.ஏ.வுக்குத் தனிக் குறியிட்டு, பல்லாயிரம் உயிரணுக்களை ஒருசேர ஆராயும் முறை பரவியது.

இவையெல்லாம் செல்வ நாடுகளின் ஆடம்பரமே என்பார் உளர். அக்கூற்றை யாம் ஒப்போம். இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவரிடத்துப் பதினாயிரத்தில் ஒன்றாய் எஞ்சிய நோயணு, மீண்டும் நோயை எழுப்பவல்லது. உயிரணுக்களை ஒவ்வொன்றாய் ஒளிக்கதிர்முன் ஓடவிட்டு எண்ணும் கருவி, அதனைக் காட்டிக் கொடுக்கின்றது. உயிர் காக்கும் இவ்வறிவு எங்ஙனம் ஆடம்பரமாகும்?

ஆற்றலும் நம்மிடம் உண்டு. நமக்கு அண்மையிலுள்ள வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-இல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கியது. ஹீமோபிலியா நோயுடைய ஐவருக்கு அவரவர் குருத்தணுக்களிலேயே வேண்டிய மரபணுவைப் புகுத்தி அளித்த சிகிச்சையின் நற்பயனை, அங்குள்ள மருத்துவர் 2024-இல் வெளியிட்டனர்.

எனினும், அயலார் மஜ்ஜையை மட்டும் அளவுகோலாகக் கொண்டு நம்மவர் நோயை அளத்தல் தகாது. நீலகிரிப் பழங்குடியினரை நேரிற் சோதித்தமையாலன்றோ, அவரிடையே அரிவாளணுக் குறைபாடு உண்டென்பது 1952-இல் உலகிற்குத் தெரிந்தது? ஆசிய நாடுகள் ஐந்தில் 619 பேரின் குருதியணுக்களைத் தனித்தனியே ஆராய்ந்த தொகுப்பு 2025-இல் வெளிவந்தது. இந்தியரும் அதில் உளர். குருதியில் தொடங்கிய இப்பணி மஜ்ஜையிலும் பெருகல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! இத்துறைக்குக் கருவி எத்துணை வேண்டுமோ, அத்துணைக் கணக்கறிவும் வேண்டும். உலகோர் திரட்டிய உயிரணுக் கணக்குகள் பல, யாவரும் இலவசமாய்ப் பயிலத் திறந்துள்ளன. உயிர்நூலோடு கணிதமும் கற்றவன், ஒரு கணிப்பொறியைக் கொண்டு சிற்றூரிலிருந்தே அவற்றை ஆராயலாம். விலைமிக்க கருவி வருமளவும் காத்திருத்தல் வேண்டா.