கண்டிக்கு அரை நாள் போதாது



பாடசாலை லீவு விட்டால் கிழக்கிலிருந்து வேன்கள் மலையேறத் தொடங்கிவிடும். அதிகாலையில் புறப்பாடு, மகியங்கனையில் தேநீர், பிறகு கண்டி, நுவரெலியா, எல்ல, திரும்பி வீடு. நான்கு நாள், ஆயிரம் படம். இந்த ஓட்டத்தில் கண்டிக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரை நாள்தான். வாவிக்கரையில் ஒரு படம், கடைத்தெருவில் இரண்டு மணித்தியாலம், பேராதனைப் பூங்காவில் சாப்பாட்டுப் பார்சல். அவ்வளவுதான்.

எங்கள் கருத்து, கண்டிக்கு ஒரு முழு நாள் கொடுக்க வேண்டும். அழகான ஊர் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் கண்டியைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாத ஊராக நினைத்து வளர்கிறார்கள். அந்த நினைப்பு சரியல்ல, நல்லதும் அல்ல.

இந்த லீவில் குடும்பத்தோடு ஒரு வாரம் சுற்றினோம். உம்மம்மா முதல் கடைக்குட்டி வரை பத்துப் பேர். கண்டி நாளுக்கு மட்டும் ஒரு விதி வைத்தோம்: மூன்று இடத்துக்கு மேல் போவதில்லை. காலையில் வாவியும் மாளிகைச் சுற்றும், நடுப்பகலில் நகரம், பின்னேரம் பேராதனை. வேனை ஓரமாக நிறுத்திவிட்டு நகரை நடந்தே பார்த்தோம். "இவ்வளவு தூரம் வந்து யானை பாக்காமப் போறதா?" என்று பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். பத்து மணிக்குப் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை, அவர்களுக்குக் கேட்பதற்குக் கேள்விகள் கிடைத்துவிட்டன.

முதல் கேள்வி வாவிக்கரையிலேயே வந்தது. இந்த வாவி இயற்கையானதல்ல, 1807இல் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் வெட்டுவித்தது என்று சொன்னோம். அவன்தான் கண்டியின் கடைசி மன்னன், இயற்பெயர் கண்ணுசாமி, தென்னிந்திய நாயக்கர் வழி வந்தவன் என்றதும் எட்டாம் ஆண்டுப் பிள்ளை கேட்டது: "அப்ப ராஜா சிங்களவர் இல்லையா?"

நல்ல கேள்வி. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டவர்கள் நாயக்கர்கள். அவர்கள்தான் பௌத்தத்தின் காவலர்களாகவும் இருந்தார்கள். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 1753இல், சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து உபசம்பதா சடங்கை மீளத் தொடங்கினார்கள். இன்றைய சீயம் நிக்காயவின் தொடக்கம் அது. 1815இல் பிரதானிகள் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்ய, கடைசி மன்னனை வேலூருக்கு நாடு கடத்தினார்கள். இன்று நாம் போட்டு வைத்திருக்கும் பெட்டிகளுக்குள் அந்த வரலாறு அடங்காது. இதைப் பாடப்புத்தகத்தில் படிப்பதற்கும், அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கேட்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

அடுத்தது நம் கதை. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்தவன் கண்டி மன்னன் செனரத். அவர்களில் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று போர்த்துக்கேய வரலாற்று ஆசிரியர் குவைரோஸ் எழுதியிருக்கிறார். கிழக்கில் அதற்கு முன்பும் முஸ்லிம்கள் இருந்தார்கள். ஆனாலும் நம்மில் பலருடைய மூதாதையர் கண்டி மன்னன் காட்டிய வழியில் வந்தவர்களாக இருக்கக்கூடும். கண்டி இராச்சியத்தில் 'மடிகே' என்று ஒரு பிரிவு இருந்தது. பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் பாக்கும் ஏற்றி இறக்கும் தவளம் வேலை அது. அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். நாங்கள் ஏசி போட்ட வேனில் ஏறிய மலையை அவர்கள் மாடுகளோடு நடந்து ஏறினார்கள்.

நகரத்துக்குள் வந்தால் மணிக்கூட்டுக் கோபுரம். கண்டிக்குப் போகும் எல்லோரும் "மணிக்கூட்டுக்குக் கிட்ட நில்லுங்க" என்று சொல்லியிருப்போம். அதைக் கட்டிக் கொடுத்தவர் இஸ்மாயில் ஹாஜியார், மறைந்த தன் மகன் ஸக்கி இஸ்மாயிலின் நினைவாக. 1950 டிசம்பரில் பிரதமர் டீ.எஸ். சேனாநாயக்க திறந்து வைத்தார். வடிவமைத்தவர் ஷேர்லி டி அல்விஸ், பேராதனைப் பல்கலைக்கழகக் கட்டிடங்களை வடிவமைத்த அதே கலைஞர். ஒரு வாப்பாவின் துக்கம் எல்லா இனத்தாருக்கும் நேரம் காட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் கீழே நின்று இதைச் சொன்னபோது எங்கள் உம்மம்மா ஸலவாத்துச் சொல்லிவிட்டு மேலே பார்த்தார்.

சித்தி லெப்பை 1838இல் பிறந்ததும் கண்டியில்தான். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை, 1885இல் ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படும் 'அசன்பேயுடைய சரித்திரம்', முஸ்லிம் பிள்ளைகளுக்கு நவீனக் கல்வி என்ற போராட்டம். நாங்கள் இன்று சோக்கட்டியைக் கையில் பிடிப்பதற்கு அவருக்கும் பங்குண்டு. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்து நாடு கடத்தப்பட்ட ஒராபி பாஷாவும் 1892 முதல் 1901 வரை கண்டியில் வாழ்ந்தார். அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவு நிலையமாக இருக்கிறது. நம் சுற்றுலா வேன்களில் எத்தனை அங்கே நிற்கின்றன?

இனி, பலருக்குப் பிடிக்காத ஒரு விடயம். மகியங்கனையிலிருந்து பதினெட்டு வளைவு ஏறிக் கண்டிக்கு வரும் பாதை தெல்தெனியவையும் திகனவையும் தாண்டித்தான் வரும். 2018 மார்ச்சில் என்ன நடந்தது என்று பெரியவர்களுக்கெல்லாம் தெரியும். பாதையில் ஏற்பட்ட தகராறில் சில முஸ்லிம் இளைஞர்கள் தாக்கியதில் ஒரு சிங்களச் சாரதி இறந்தார். அதன் பிறகு கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் உயிரிழந்தார். மார்ச் 6ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகாலச் சட்டம் வந்தது.

"சந்தோஷமாப் போற பயணத்துல பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். சின்னப் பிள்ளைகளிடம் எரிந்த வீட்டைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஆனால் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கதை ஏற்கனவே தெரியும், கைத்தொலைபேசி வழியாக, அரைகுறையாக, ஆத்திரத்தோடு. நாம் வாய் திறக்காவிட்டால் அந்தப் பாதிக் கதைதான் முழுக் கதையாகத் தங்கிவிடும். அதனால் நாங்கள் முழுவதையும் சொன்னோம். அந்தச் சாரதியின் மரணமும் ஓர் அநியாயம் என்று சொன்னோம். முஸ்லிம் அயலவர்களைக் காப்பாற்ற நின்ற சிங்களவர்களும் பிக்குகளும் இருந்தார்கள் என்பதையும் சொன்னோம். வெறுப்பைப் பரப்பியதில் தன் தளத்துக்கும் பங்கிருந்தது என்று பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டதையும் சொன்னோம். நீங்கள் இதை வாசிப்பதும் ஒரு சமூக வலைத்தளத்தில்தான். ஒரு பதிவைப் பகிர முன் யோசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வகுப்பறையில் கிடைக்காது.

நம் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். மாளிகைக்குப் பக்கத்துப் பாதையில் வேனில் பாட்டை உரக்கப் போட்டுக்கொண்டு போவது, சாப்பிட்ட லன்ச் ஷீட்டைப் பூங்காவில் விட்டுவிட்டு வருவது, வணக்கத்தலத்தின் முன்னால் கூச்சல் போட்டுப் படம் எடுப்பது, இவையெல்லாம் நம்மைப் பற்றிய சாட்சியங்கள். மாளிகைக்குள் போவதும் வெளியே நின்று பார்ப்பதும் ஒவ்வொரு குடும்பத்தின் முடிவு. எங்கே நின்றாலும், நம் பள்ளிவாசலுக்கு வரும் விருந்தாளியிடம் நாம் எதிர்பார்க்கும் மரியாதையை நாமும் அங்கே கொடுக்க வேண்டும். 1998 ஜனவரியில் அந்த மாளிகை குண்டுவெடிப்பில் சேதமானது. அந்த வலி அவர்களுக்கும் இருக்கிறது.

பின்னேரம் பேராதனையில் மகாவலியைப் பார்த்தோம். 1821இல் தொடங்கிய அந்தப் பூங்கா 147 ஏக்கர். மூன்று பக்கமும் ஆறு வளைந்து ஓடுகிறது. அதே ஆறு விக்டோரியா அணையைத் தாண்டி, மகியங்கனையைக் கடந்து, திருகோணமலைப் பக்கம் கடலில் சேர்கிறது. நம் மாகாணத்துக்கு வரும் தண்ணீர் இந்த ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வருகிறது.

ஆசிரியர்களாக ஒரு வேண்டுகோள். அடுத்த பாடசாலைச் சுற்றுலாவுக்கு நிகழ்ச்சி நிரல் போடும்போது இரண்டு இடத்தைக் குறையுங்கள். புறப்பட முன் ஒரு பாடவேளையை ஒதுக்கி, போகும் ஊரின் கதையைச் சொல்லுங்கள். பிள்ளைகள் அங்கே ஒரு கேள்வியாவது கேட்டு வரட்டும். பெற்றோரும் அப்படியே. இந்த நாடு முழுவதும் நம் பிள்ளைகளின் நாடு என்று மேடையில் பேசுகிறோம். அதை அவர்கள் நம்ப வேண்டுமென்றால் வேனிலிருந்து இறங்கி நடக்க விட வேண்டும்.

உங்கள் ஊரிலிருந்து போகும் பாதையில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை எது? கீழே எழுதுங்கள், எங்கள் வகுப்புக்கும் உதவும்.